தம்பியின் ஒடி, இன்ஸ்பெக்டரின் ஹொடி

வேனை ஹைதராபாத் கிளைக்கு அனுப்பிவிடலாம் என்று எங்கள் மேலாளர் சொன்னபோது நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் வாயில் தக்கையைத் திணித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ராக்கெட்டுக்கான தக்கை. பாதியில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் உயிரை எடுத்தது. அதன் மேலிருந்த எரிச்சலோ, வேன் போகிறதே என்ற பதற்றமோ தெரியவில்லை. "நான் ஓட்டுறேனே" என்று சொல்லிவிட்டேன்.

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடிந்திருந்தால் நானும் என்னைப் பார்த்திருப்பேன். அதுவரை நான் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. ஸ்கூட்டர் வராது. சைக்கிள் வரும், பிரேக் நன்றாக இருந்தால். ஆனால் சொன்ன அந்த நொடியிலேயே, இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஓட்ட ஆள் இல்லை என்கிறார்கள். நான் ஓர் ஆள். அவ்வளவுதானே?

எங்களுடையது பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன அலுவலகம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் நாங்கள், ஒரு மாடியும் ஒரு வேனுமாக. அந்த வேனில் மைக்ராஸ்கோப், காந்தம், லென்ஸ், கண்ணாடிக் குழாய், ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆனேக்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் வேலை. ஓட்டுநர் அண்ணன் விமான நிலைய டாக்ஸிக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர்கள், நாள் முழுக்கப் பள்ளி வாசலில் காத்துக்கிடக்க முடியாது என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வேன் அடித்தள பார்க்கிங்கில் தூசு படிந்து நின்றது. ஹைதராபாத்தில் ஓட்டுநர் இருந்தார், வேன் இல்லை. மேலாளர் கணக்குப் போட்டதில் தப்பில்லை.

எனக்குச் சம்பளம் வேன் இல்லாவிட்டாலும் வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட வீடியோ செய்யலாம். ஆனால் ஒரே ஒரு முறை நான் வேனோடு போயிருந்தேன். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்து வரிசையாக வந்து பார்க்கச் சொன்னோம். ஒரு பெண் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னாலிருந்தவர்கள் அவள் ரிப்பனைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அப்படியே நின்று, "இது நம்ம வீட்டு வெங்காயத்துலயும் இருக்குதா?" என்று கன்னடத்தில் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் வீடியோ செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் முடியும்வரை வேன் இங்கேயே நிற்கட்டும், அதற்குள் லைசென்ஸ் வந்தால் பார்க்கலாம் என்றார் மேலாளர். சந்திரனுக்குப் போகிறேன் என்று சொல்லும் குழந்தையிடம் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்களே, அந்தக் குரலில். அப்போது ஜூன் முடிந்துகொண்டிருந்தது.

எல்.எல்.ஆர். சுலபமாக வந்தது. திரையில் கேள்வி கேட்டு பதிலைத் தொடச் சொல்லும் பரீட்சை. அந்த மாதிரிப் பரீட்சையில் நான் கெட்டிக்காரி. வட்டத்துக்குள் இருக்கும் சிவப்புக் கோடு எதற்கு, முக்கோணம் எதற்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். வண்டிதான் தெரியாது.

நீலசந்திராவில் எங்கள் வீட்டில் ஒரு ஓட்டுநர் ஏற்கெனவே இருந்தான். என் தம்பி. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனி கேப் ஓட்டுகிறான். இரவெல்லாம் ஐ.டி.க்காரர்களை வீடு சேர்த்துவிட்டு, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ? வேனா?" என்றான்.

"சிரிக்காதடா."

"சிரிக்கலக்கா. ரோட்ல போற ஜனங்கள நெனச்சேன். பாவம்."

அம்மா அடுப்படியிலிருந்து, "கேக்குறா இல்ல, கத்துக் குடேன்டா. படிச்ச பொண்ணு, டக்குனு புடிச்சிக்குவா" என்றாள்.

"படிச்சவங்கதாம்மா பின்னாடி சீட்ல உக்காந்துக்கினு எனக்கு ரூட்டு சொல்றாங்க. மேப்பப் பாத்துக்கினே ஏரிக்குள்ள வுட்டுடுவாங்க."

கத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுடைய கடைசி டிராப் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் முடியும். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கும் அவன் நண்பனிடம் ஒரு பழைய கார் இருந்தது. நான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவேன். வார நாளில் மூச்சுவிட இடமில்லாத அந்தத் தெருக்கள் ஞாயிறு காலையில் நாய்களுக்கும் எங்களுக்கும் மட்டும் சொந்தம்.

தம்பி ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஒரு தனி மொழியில். அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் பாதி, கேப் ஸ்டாண்டில் பாதி பொறுக்கிய மொழி. மெதுவாகப் போ என்பதற்கு, பக்கத்து வீட்டு உருதுக்காரர்கள் சொல்வதுபோல "ஹல்லு ஹல்லு". கொஞ்சமாகத் திருப்பு என்பதற்கு "லைட்டா காட்டு". முழுசாகத் திருப்பு, இனிமேல் திரும்பாது என்று சக்கரமே சொல்லும்வரை திருப்பு என்பதற்கு ஒரே சொல்: "ஒடி".

"ஒடி! ஒடிக்கா! இன்னும் ஒடி! கரும்பு ஒடிக்கிற மாதிரி ஒடி!"

"எந்தப் பக்கம்டா?"

"எந்தப் பக்கம் எடம் இருக்குதோ அந்தப் பக்கம்! இதெல்லாமா கேப்பாங்க?"

முதல் வாரம் நான் யோசித்துத் திருப்பினேன். அவன் ஒடி என்பான். நான் எங்கே, எவ்வளவு, எப்போது என்று மனசுக்குள் விடை எழுதுவேன். அதற்குள் வண்டி நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றியிருக்கும். "யோசிக்காதக்கா. யோசிச்சா செத்தோம்" என்றான். யோசிப்பதை விட்டேன். அப்புறம் பிரமாதமாக வந்தது. அவன் வாயிலிருந்து "ஒ" கிளம்பும்போதே என் கைகள் கிளம்பிவிடும். காதுக்கும் கைக்கும் நடுவில் நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை. அதைத்தான் ஓட்டத் தெரிவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு ரொம்ப நேரமாக அவனிடமிருந்து சத்தமே இல்லை. நன்றாக ஓட்டுகிறேன் போலிருக்கிறது, திட்ட எதுவும் கிடைக்கவில்லை என்று பெருமையாக ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நேர் சாலைதான். காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக மிதித்து, ஒரு புங்கமரத்தடியில் ஓரமாக நிறுத்தினேன். எழுப்பவில்லை. இரவு முழுவதும் யார் யாரையோ வீடு சேர்த்தவன். ஷர்ட் காலர் கழுத்தில் அழுக்குக் கோடு போட்டிருந்தது. வெயில் முகத்தில் விழுந்த பிறகு தானாகவே எழுந்தான்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான்."

"சும்மா சொல்லாத." கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். சக்கரம் நடைபாதைக்குச் சமமாக நின்றிருந்தது. "நல்லாத்தான் நிறுத்திக்கிற" என்றான். அதற்கு மேல் பாராட்டு அவனிடம் கிடையாது. டெஸ்டுக்கு நாள் குறித்துவிடு என்றான்.

டெஸ்ட் நாள் காலையில் தூறல். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மதில் ஓரம் வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் சிவப்பு எல். மரத்தடியில் என் பக்கத்தில் நின்றவர் அடுகோடிப் பெண்மணி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் வெல்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாராம்.

"எனக்கு இது மூணாவது வாட்டி கண்ணு" என்றார், திருப்பதி போய்வந்த கணக்குச் சொல்வதுபோல. "மொத வாட்டி பிரேக்குன்னு நெனச்சி கிளட்ச மிதிச்சேன். ரெண்டாவது வாட்டி எல்லாம் கரெக்டு, ஹேண்ட் பிரேக் போட்டுக்கினே ஊர சுத்தி வந்துட்டேன். ஒரே நாத்தம். இன்ஸ்பெக்டரு கர்ச்சீப்ப மூக்குல வெச்சிக்கினே இறங்கிப் போனாரு."

"இன்னைக்கி என்ன பண்ணப் போறீங்க ஆன்ட்டி?"

"இன்னைக்கி வண்டியே வர்ல. கிளட்ச் போச்சாம் டிரைவிங் ஸ்கூல்காரனுக்கு. நான் மிதிச்ச மிதிதான் போல."

தம்பி சிரித்துவிட்டான். "எங்க வண்டிய எடுத்துக்குங்க ஆன்ட்டி. அக்கா ஓட்டி முடிச்சப்புறம் மிச்சம் இருந்தா."

இன்ஸ்பெக்டர் உயரமாக, ஒல்லியாக, குடையை மடக்கிக்கொண்டு வந்தார். ஆன்ட்டியின் நிலைமையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இருவருக்கும் ஒரே வண்டி, நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்றார். அவர் பேசிய கன்னடம் பெங்களூர்க் கன்னடம் இல்லை. வடக்கே, தார்வாடு பக்கத்துக் கன்னடம். ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு "ரீ" மரியாதை தொங்கும். எனக்குக் கன்னடம் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். பேசுவேன், சண்டை போடுவேன், கவிதைகூட எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் இல்லை. இதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு மொழி தெரியாததுதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கிளம்பினேன். கிளட்ச் ஒத்துழைத்தது. முதல் கியர், இரண்டாவது, வளைவு, பஸ் ஸ்டாப், எல்லாம் சரியாக வந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னேன். வேன், மைக்ராஸ்கோப், ஆகஸ்ட் முடிவு வரை எல்லாவற்றையும். என்னிடம் கேட்டால் எல்லாமும் வரும்.

அவர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார். தன் பள்ளியிலும் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது என்றார். கண்ணாடி பீரோவுக்குள். சாவி ஹெட்மாஸ்டரிடம். ஏழு வருஷம் படித்தும் பீரோவுக்கு வெளியே நின்றுதான் அதைப் பார்த்தாராம். "மைக்ராஸ்கோப்ப பாத்தோம். மைக்ராஸ்கோப்புல பாக்கல" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவர் என்னைப் பாஸ் பண்ணிவிடுவார் என்று எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் தண்ணீர் டேங்கர் லாரியைப் பார்த்தேன். சாலையில் பாதியை அடைத்து நின்றிருந்தது. வலது பக்கம் போக இடம் இருந்தது. இடது பக்கம் ஒரு சந்தின் வாய். நான் வேகத்தைக் குறைத்தேன். ரொம்பவே குறைத்துவிட்டேன் போல. பின்னால் ஹார்ன் கேட்டது. இன்ஸ்பெக்டர் கையை ஆட்டி, "ஹொடீரி, ஹொடீரி" என்றார்.

அவருடைய ஊரில் காடி ஹொடி என்றால் வண்டியை ஓட்டு என்று அர்த்தம். ஹொடீரி என்றால் ஓட்டுங்க, போங்க. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயில் அந்த "ஹ" காற்றாகப் போய்விட்டது. மிச்சம் வந்தது "ஒடி". அதுவும் இரண்டு தடவை.

என் கைகள் ஒடித்தன. முழுசாக ஒடிக்க எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம். கரும்பு மாதிரி. கார் டேங்கரின் வாலை உரசாமல், அழகாக, என் வாழ்நாளிலேயே அழகான திருப்பமாக இடது பக்கச் சந்துக்குள் போய் நின்றது.

சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஏதோ பெயர் வைக்கும் விழா. கார் பம்பருக்கும் சமையல்காரரின் அண்டாவுக்கும் நடுவில் ஒரு கரண்டி வைக்கலாம், அவ்வளவு இடம். சமையல்காரர் புளிசாதம் கிளறிய துடுப்பை அப்படியே தூக்கிப் பிடித்து நின்றார். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர், விருந்தாளிகள் காரிலேயே உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, வாங்க வாங்க என்று கன்னடத்தில் வரவேற்றார்.

பின் சீட்டிலிருந்து ஆன்ட்டி தணிந்த குரலில், "கண்ணு, மொய் எதுனா எடுத்துக்கினு வந்தியா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் முன் கண்ணாடி வழியாகத் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாக்ரீ இல்லி பந்த்ரி?" என்றார். ஏன் இங்கே வந்தீர்கள்?

"நீங்கதானே சார் சொன்னீங்க."

"நான் போங்கன்னு சொன்னேன்."

தமிழில் ஒடி என்றால், அதுவும் என் தம்பி தமிழில் ஒடி என்றால் என்ன என்று கன்னடத்தில் விளக்கினேன். கையால் செய்து காட்டினேன். அவர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் புரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கியது. ஆன்ட்டியும் சிரித்தார். நானும் சிரித்தேன், பாஸாகிவிட்ட சிரிப்பு.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நகு பந்த்து. ஆத்ர பாஸ் பரங்கில்ரீ" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் பாஸ் வராது.

"சார், சொல்லு ஒண்ணுதானே தப்பாச்சு..."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் எந்தச் சொல்லைக் கேட்டேன் என்பது அவருக்குப் பிரச்சினை இல்லை என்றார். கண்ணாடியில் பார்த்தேனா? இண்டிகேட்டர் போட்டேனா? இடது பக்கம் ஒரு பைக் வந்திருந்தால் அந்தப் பையனிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேனா? "நான் சொன்னாலும் திருப்பக் கூடாது, உங்க தம்பி சொன்னாலும் திருப்பக் கூடாது. வண்டி உங்க கையில இருந்தது" என்று முடித்தார். வரிசையாகப் பரீட்சை எழுதிப் பாஸான வாழ்க்கையில், யாராவது சொன்னதை உடனே, வேகமாக, சரியாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

ஆன்ட்டி என் சீட்டுக்கு வந்தார். சமையல்காரர் துடுப்பால் வழி காட்ட, சந்திலிருந்து பின்னாலேயே எடுத்து, டேங்கரைத் தாண்டி, ஹேண்ட் பிரேக் இல்லாமல் ஆபீஸ் வரை ஓட்டிப் பாஸாகிவிட்டார். இன்ஸ்பெக்டர் வழியெல்லாம் ஹொடீரி ஹொடீரி என்றார். ஆன்ட்டியும் வழியெல்லாம் ஓட்டினார். நான் பின் சீட்டில் இருந்தேன்.

இறங்கியதும் ஆன்ட்டி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன் வண்டியில நான் பாசாயிட்டேன். கோச்சிக்காத கண்ணு. நான் மூணு வாட்டி வந்தவ. நீ இன்னும் ஒரு வாட்டி வா, அவ்ளோதான்."

கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு வாரம் கழியாமல் திரும்ப டெஸ்ட் கொடுக்க முடியாது. அந்த அடுத்த வாரக் கடைசியிலேயே ஹைதராபாத்திலிருந்து ஓட்டுநர் வேனை எடுத்துப் போக ரயில் ஏறுகிறார் என்று மேலாளர் அனுப்பிய செய்தி அன்று மதியமே வந்தது.

நடந்ததைக் கேட்டுத் தம்பி நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்து வண்டியை எடுத்தான். சிக்னலில் நிற்கும்போது, "என் வாயாலதான் போச்சா அக்கா?" என்றான்.

"உன் வாயில ஒண்ணுமில்லடா. என் தலைக்குள்ள ஆளில்ல."

"இருந்தாலும்... வேற வார்த்த சொல்லிக் குடுத்திருக்கலாம்."

"எந்த வார்த்த சொல்லிக் குடுத்திருந்தாலும் நான் இப்படித்தான் ஓட்டியிருப்பேன்."

அந்த வாரம் அவன் தூக்கத்தை விட்டுத் தினமும் காலையில் வந்தான். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவன் பேசக் கூடாது. நான்தான் பேசுவேன். கண்ணாடியில் என்ன தெரிகிறது, என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்யப்போகிறேன், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன்.

"பின்னாடி ஆட்டோ. அவர் போகட்டும். லெஃப்ட்ல பால் வண்டி. இண்டிகேட்டர் போடறேன். இப்ப போறேன்."

"கிரிக்கெட் கமெண்ட்ரி கெட்டுது போ" என்று தம்பி வாயைப் பொத்திக்கொள்வான். பேசாமல் இருக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவன் பக்கத்தில் பிரேக்கே இல்லை. இருந்தும் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தான். ஒருநாள் சாலையில் ஒரு மாடு. அவன் வாய்க்குள் பன் ஒன்றைத் திணித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். நான் பார்த்தேன், காத்திருந்தேன், மாடு முடிவெடுத்த பிறகு நானும் முடிவெடுத்தேன். அவன் கண்ணைத் திறந்து, பன்னை மென்றுகொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டாவது டெஸ்டுக்கும் அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. "பந்த்ரேன்ரீ?" என்றார். வந்துட்டீங்களா? கன்னடத்திலேயே தொடர்ந்தார்: இன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன், கையால்தான் காட்டுவேன், எங்கேயாவது விருந்துக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள்.

நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அவர் கையைப் பார்க்க நான் தலையைத் திருப்பவேண்டியிருந்தது. இரண்டாவது வளைவிலேயே, "ரோட் நோட்ரீ! ரோட்ட பாக்காம என் கைய ஏன் பாக்கறீங்க?" என்று அவர் வாயைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு பழையபடி பேச்சு. நான் எதற்கும் வளைந்துகொடுக்காமல் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பின்னாடி பஸ். லெஃப்ட்ல ஸ்கூட்டர். நேரா போறேன்.

ஒரு மெடிக்கல் கடை முன்னால் ஆட்டோ ஒன்று ஆளை இறக்க நின்றது. சுற்றிக்கொண்டு போகவேண்டும். நான் நின்றேன்.

"ஹொடீரி" என்றார்.

என் இரண்டு கையும் துடித்தது உண்மை. கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்கம், சாப்பாட்டுப் பை மாட்டிய பைக் ஒன்று மழையில் வேகமாக வந்துகொண்டிருந்தது.

"ஹொடீரீ மேடம்."

"இருங்க சார்" என்றேன் கன்னடத்தில். "பின்னாடி பைக் வருது."

பைக் போனது. இண்டிகேட்டர் போட்டேன். மறுபடியும் பார்த்தேன். எடுத்தேன். ஆபீஸ் வாசலில் இறங்கும்போதுதான், எந்தப் பள்ளிக்கு முதலில் போகப்போகிறீர்கள் என்று கேட்டார். பாஸ் என்று அவர் சொல்லவே இல்லை; அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி காரின் முன்னாலிருந்த சிவப்பு எல்-ஐ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மேலாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஹைதராபாத் ஓட்டுநரின் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொல்கிறேன் என்றார். ரத்து செய்யச் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை அரைநாள் பள்ளி உண்டு. ஆனேக்கல் தாண்டியிருக்கும் பள்ளிக்கு வேனை எடுத்துப் போய், பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, கீறல் இல்லாமல் திரும்பி வந்தால் வேன் பெங்களூரில்தான். தம்பி கூட உட்காரலாம், ஓட்டக் கூடாது. நியாயம்தான் என்று பட்டது. நான் பாஸானது காரில்.

இதை எழுதும் இன்று புதன்கிழமை. மதியம் அடித்தளத்துக்குப் போய் வேனைத் துடைத்தேன். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும்தான் ஒன்று தெரிந்தது: நடுக் கண்ணாடியில் சாலை தெரியாது. பின் கதவுவரை மரத் தட்டுகள் அடுக்கியிருப்பதால் கண்ணாடியில் தெரிவதெல்லாம் பெட்டிகளும் குழாய்களும்தான். பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பிப் பின்னால் எடுக்கவேண்டும். இரண்டு பக்கமும் தூண். இடது தூணில் பழைய ஓட்டுநர் அண்ணன் விட்டுப்போன நீலப் பெயின்ட் உரசல் கோடு ஒன்று என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவருக்கே இடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மற்ற வண்டிகள் கிளம்பியதும், தம்பி வருகிறான். தூண்களுக்குப் பின்னால் நின்று பார்ப்பானே தவிரச் சத்தம் போட மாட்டான் என்று சொல்லியிருக்கிறான். முதலில் தட்டுகளை இறக்காமலே வேனைப் பின்னால் எடுத்துப் பார்க்கப்போகிறேன். வராவிட்டால் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, வெறும் வேனாக, மறுபடியும்.